சித்த மருந்து ஆய்வுகளில் விடுபடும் ஒரு குடுவை

சித்த மருந்துகளில் உள்ள உலோகங்களை அளந்த கட்டுரைகளை வரிசையாகப் படித்தால் ஒரே பத்தி திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். சென்னை ஐஐடியின் சைஃப் மையம், பெர்கின் எல்மர் ஆப்டிமா 5300 டிவி ஐசிபி கருவி, அதிர்வெண் 40 மெகாஹெர்ட்ஸ், கண்டறியும் எல்லை "பிபிஎம் வரை". அப்புறம் நேரே முடிவு அட்டவணைதான். காப்பி-பேஸ்ட் எங்கள் மென்பொருள் துறைக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை போலிருக்கிறது.

காப்பி அடித்ததைக்கூட விட்டுவிடலாம். நான் பார்த்த கட்டுரைகளில் ஸ்ப்ரே சேம்பர் எதுவென்று ஒரு வார்த்தை இல்லை. அதுதான் என் குறை.

மருந்தை அமிலத்தில் கரைத்து நெபுலைசர் வழியாகப் பனிபோலச் சிதறடிக்கிறார்கள். அதை அப்படியே விட்டால் பெரிய துளிகள் பிளாஸ்மாவை நிலைகுலைத்துவிடும், சில சமயம் அணைத்தேவிடும். நடுவில் இருக்கும் சின்னக் குடுவைதான் ஸ்ப்ரே சேம்பர். பெரிய துளிகள் அதன் சுவரில் மோதி வடிந்துவிடும். சுமார் 10 மைக்ரானுக்குக் குறைந்தவை மட்டும் மேலே போகும். வழக்கமான அமைப்பில் கரைசலில் 1-2 சதவீதம்தான் பிளாஸ்மாவைத் தொடுகிறது. மிச்சமெல்லாம் கழிவுக் குழாய்க்கு.

இதில் குழாய்க்குள் குழாய் வைத்த ஸ்காட் வகை உண்டு. சுழன்று வீசும் சைக்ளோனிக் வகையும் உண்டு. மேலே சொன்ன கருவியில் இரண்டையும் மாட்டலாம். அதனால் மாடல் எண்ணை வைத்து எதுவும் ஊகிக்க முடியாது. விற்பனைத் தாள்கள் சைக்ளோனிக்கில் சிக்னல் அதிகம் என்று சொல்லும். சுத்தமான அமிலக் கரைசலுக்கு அது சரி. செந்தூரத்தை அளப்பவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: முந்தைய மாதிரி எவ்வளவு சீக்கிரம் வெளியேறுகிறது?

பாதரசம் லேசில் போகாது. சுவரிலும் ரப்பர் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். லிங்கத்தின் எடையில் 86 சதவீதம் பாதரசம். 0.1 கிராம் லிங்கத்தை ராஜதிராவகத்தில் கரைத்து 50 மில்லியாக்கி, ஆயிரம் மடங்கு நீர்த்தாலும் லிட்டருக்கு 1,700 மைக்ரோகிராம் சொச்சம் இருக்கும். அதில் 1 சதவீதம் சேம்பரில் தங்கினால் 17. அடுத்து வருவது பாதரசமே இல்லாத கடுக்காய்ச் சூரணம், 0.5 கிராம் 50 மில்லியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலிகை மருந்துக்கு ஆயுஷ் அனுமதிப்பது 1 பிபிஎம். கரைசலில் அது 10 மைக்ரோகிராம்தான். அறிக்கையில் 1.7 பிபிஎம் என்று வரும். எங்கள் கிரிவலப் பாதையில் சூரணம் விற்கிறவர் செய்யாத தப்புக்கு மாட்டிக்கொள்வார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அதே 100 மடங்கு நீர்ப்பில், கண்டறியும் எல்லை நிஜமாகவே கரைசலில் 1 பிபிஎம் என்றால், மருந்தில் 100 பிபிஎம் பாதரசம் இருந்தால்தான் கருவிக்குத் தெரியும்! கருவி அதைவிட நுட்பமானது; எழுதியவர்கள்தான் அதைச் சொல்லவில்லை. இந்த லட்சணத்தில் "கண்டறியும் அளவுக்குக் கீழே" என்ற வரியை நம்பி ஒருவர் குழந்தைக்கு மருந்து கொடுக்கலாமா?

இந்த வேலைக்கு நான் தேர்ந்தெடுப்பது கொள்ளளவு குறைந்த கண்ணாடி சைக்ளோனிக். சீக்கிரம் கழுவப்படும். கழுவுநீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொஞ்சம் தங்கக் கரைசலும் வேண்டும். பாதரசத்தை அயனியாகவே வைத்திருக்கத் தங்கம் உதவும். சிலிக்காவைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் சேர்த்திருந்தால் கண்ணாடி அரித்துவிடும், பிஎஃப்ஏ சேம்பர்தான் வழி. பாதரசம் மட்டும் போதுமென்றால் ஸ்ப்ரே சேம்பரே வேண்டாம். ஸ்டானஸ் குளோரைடு விட்டு ஆவியாக்கி அளக்கும் கோல்ட் வேப்பர் முறை பழசு, ஆனால் இதற்கு நல்லது.

எந்தச் சேம்பர், எதனால் எத்தனை நிமிடம் கழுவினார்கள், செந்தூரத்துக்கு அடுத்து ஓட்டிய வெற்றுக் கரைசலில் எவ்வளவு பாதரசம் வந்தது? 40 மெகாஹெர்ட்ஸுக்கு இடம் இருக்கிற பத்தியில் இதற்கும் இடம் இருக்கும்.