இன்ஜின் போனா பழி ஆயிலுக்கு

கடந்த இரண்டு வருஷமா பிக்கப் வண்டி பற்றிப் பேசுகிறவர்கள் பலரிடமும் ஒரே கோட்பாடு ஓடிக்கொண்டிருக்கிறது. "அமெரிக்காக்காரன் மைலேஜ் காட்டணும்னு தண்ணி மாதிரி ஆயில் ஊத்தச் சொன்னான், புது டர்போ இன்ஜின் எல்லாம் வரிசையா போகுது." அங்கிருந்து ஒரே தாவலில் நம்ம ஊர் முடிவு: "நம்ம வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஊத்துங்க, இன்ஜின் கல்லு மாதிரி நிக்கும்." வில்லியனூரில் ஆரம்பித்து அரியூர் தாண்டி கண்டமங்கலம் வரைக்கும் விழுப்புரம் ரோட்டில் எந்த லோடு வண்டிக்காரரிடம் கேட்டாலும் இதே பேச்சை ஏதோ ஒரு வடிவத்தில் கேட்கலாம்.

இந்தக் கோட்பாட்டில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் காசைத் தின்கிறது. அதனால் ஆதாரத்தை வைத்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் சாட்சியாக எல்லோரும் கொண்டு வருவது டொயோட்டா டன்ட்ரா. 2022 மாடலில் டொயோட்டா பழைய 5.7 லிட்டர் வி8 இன்ஜினைத் தூக்கிவிட்டு, இரண்டு டர்போ வைத்த 3.4 லிட்டர் வி6 இன்ஜினைப் போட்டது. 2024 மே மாதம் அமெரிக்காவில் சுமார் 1 லட்சத்து 2 ஆயிரம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. டன்ட்ராவோடு அதே இன்ஜின் உள்ள லெக்சஸ் எல்எக்ஸும் அதில் உண்டு. 2025 நவம்பரில் இன்னும் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம். நிறுவனம் சொன்ன காரணம் ஆயில் இல்லை. இன்ஜினைக் கடைசல் பிடிக்கும்போது விழுகிற உலோகத் துகள்கள் தொழிற்சாலையிலேயே முழுசாகச் சுத்தம் செய்யப்படாமல் உள்ளே தங்கிவிட்டன. அது பேரிங்கில் போய் உட்கார்ந்தால் முதலில் தட்டுகிற சத்தம், அப்புறம் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும்.

இங்கே கோட்பாட்டுக்காரர்கள் கவனிக்காத ஒன்று: அவர்கள் கொண்டாடுகிற பழைய வி8 இன்ஜினுக்கும் அமெரிக்காவில் கடைசி வருஷங்களில் 0டபிள்யூ-20 தான் சொல்லப்பட்டது. அதே தண்ணி ஆயிலில் அது லட்சக்கணக்கான மைல் ஓடிப் பெயர் வாங்கியது.

இன்னொரு விஷயமும் உண்டு. முதல் அழைப்பில் ஹைபிரிட் டன்ட்ராக்கள் சேர்க்கப்படவில்லை. இன்ஜின் அதேதான். ஆனால் இன்ஜின் நின்றாலும் மோட்டார் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓரம்கட்ட வைக்கும், அதனால் பாதுகாப்புப் பிரச்சினை இல்லை என்பது வாதம். திரும்ப அழைப்பு என்பது ரோட்டில் ஆபத்தா இல்லையா என்று பார்க்கிற ஏற்பாடு. உங்க இன்ஜின் எத்தனை வருஷம் உழைக்கும் என்பது அதன் கேள்வியே இல்லை. "என் வண்டி லிஸ்ட்ல இல்ல, அப்போ நல்ல வண்டி" என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது சாட்சி ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் வி8. சில்வராடோ, சியரா, எஸ்கலேட் வகையறா. 2025 ஏப்ரலில் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் வண்டிகள் அழைக்கப்பட்டன. முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும்: இது டர்போ இன்ஜினே இல்லை. "டர்போ போகுது" என்ற பேச்சில் இதைச் சேர்த்ததே தவறு. இங்கேயும் சொல்லப்பட்ட காரணம் தயாரிப்புக் குறை: கிராங்க் ஷாஃப்ட்டின் அளவும் மேற்பரப்பும் சரியில்லை, ஆயில் போகிற வழிகளில் கசடு.

ஆனால் தீர்வைப் பாருங்கள். சோதனையில் தேறாத வண்டிக்கு இன்ஜினையே சரிசெய்வார்கள் அல்லது மாற்றுவார்கள். தேறிய வண்டிக்கு 0டபிள்யூ-20க்குப் பதில் 0டபிள்யூ-40 ஊற்றி, புது ஆயில் மூடி போட்டு அனுப்புவார்கள். "பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான்!" என்று குதிப்பது இந்த இடத்தில்தான்.

இது ஒப்புதலா? என் கணிப்பில் அரை ஒப்புதல். கிராங்கும் பேரிங்கும் நேராகத் தொட்டுக்கொள்வதில்லை, நடுவில் சில மைக்ரான் தடிமனில் ஆயில் படலம் ஒன்று சுமையைத் தாங்குகிறது. ஆயில் கெட்டியானால் அந்தப் படலம் கொஞ்சம் தடிக்கும். அளவு பிசகிய கிராங்கோ, மிதந்து வருகிற துகளோ அதில் ஓரளவு தப்பிக்கலாம். அதாவது 0டபிள்யூ-20 இன்ஜினைக் கொல்லவில்லை. ஆனால் தொழிற்சாலை செய்த பிழையை மன்னிக்கிற இடைவெளி அதில் குறைவு. மைலேஜ் கணக்குக்காக அந்த இடைவெளியைச் சுருக்கியது யார் என்று கேட்டால், அங்கே கோட்பாட்டுக்காரர்கள் சொல்வது நியாயம். டொயோட்டாவின் கையேடுகளிலேயே, அதிவேகமோ கடும் சுமையோ இருந்தால் இன்னும் கெட்டியான ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்ற பொருளில் ஒரு வரி உண்டு. தலைப்பில் இருக்க வேண்டிய வரி அடிக்குறிப்பு மாதிரிக் கிடக்கிறது.

சரி, இதையெல்லாம் அரியூருக்குக் கொண்டு வரும்போது என்ன ஆகிறது? டன்ட்ரா இங்கே விற்பனையில் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 2017லேயே இந்தியாவில் கடையைச் சாத்திவிட்டது. இங்கே செங்கல், காய்கறி, கரும்புக் கரணை ஏற்றிப் போவது பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா, குட்டி யானை. இவற்றில் பலவும் டீசல். 0டபிள்யூ-20 ஊற்றச் சொல்லி இங்கே யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்புறம் எதற்கு அந்தப் பயம்?

பயத்துக்கு அடியில் இருப்பது கேனில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரியாததுதான். டபிள்யூ என்றால் குளிர்காலம். அதற்கு முன்னால் வரும் எண், பனி உறைகிற குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு. மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டியே இருக்கிற ஊரில் அந்த எண்ணால் பெரிய வித்தியாசம் கிடையாது. பின்னால் வருகிற எண்தான் இன்ஜின் சூடேறிய பிறகான கெட்டித்தன்மை. ஆக 0டபிள்யூ-40 தண்ணி ஆயில் இல்லை. சூட்டில் அது 15டபிள்யூ-40க்குப் பக்கத்து வீடு. 150 டிகிரியில், பேரிங்குக்குள் நசுங்குகிற நிலையில் அளக்கிற ஓர் அளவு இருக்கிறது. எஸ்ஏஇ தரப்படி அதில் குறைந்தபட்சம் 20 வகைக்கு 2.6, 30 வகைக்கு 2.9, 0டபிள்யூ-40க்கு 3.5, 15டபிள்யூ-40க்கு 3.7. நம்மவர்கள் சாமி கும்பிடுகிற 20டபிள்யூ-50க்கு? அதே 3.7. நடைமுறையில் 50 கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும், ஆனால் தரம் கேட்கிற கீழ் எல்லை ஒன்றுதான்.

"நம்ம வெயிலு" வாதமும் பாதிதான் நிற்கும். வெளியே 25 டிகிரியோ 40 டிகிரியோ, தண்ணீரின் சூட்டைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய ஒரே இடத்தில் பிடித்து வைக்கிறது. ஆயிலின் சூட்டை ஏற்றுவது கத்திரி வெயிலைவிட, ஒன்றேகால் டன் வண்டியில் இரண்டு டன் ஏற்றி மூன்றாவது கியரில் இழுப்பது.

இப்போது நான் முக்கியம் என்று நினைக்கிற இடம். நம்ம பட்டறை அறிவு உருவானது டர்போ இல்லாத இன்ஜின்களில். 2005இல் வந்த டாடா ஏஸ், 702 சிசி, இரண்டு சிலிண்டர், டர்போ கிடையாது. அதில் எந்த ஆயில் ஊற்றினாலும் ஏதோ ஓடும். 2011இல் வந்த தோஸ்த் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, காமன் ரெயில். டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றும், அதைத் தாங்குவதும் அந்த ஆயில் படலமே. சுமையோடு வந்து நின்றதும் பட்டென்று சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நிற்கிறது. டர்போவின் சூடு நிற்பதில்லை. உள்ளே தங்கின ஆயில் கருகிக் கரியாகிறது. ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டு அணைப்பதற்குக் காசு கிடையாது.

அப்புறம் 2020 ஏப்ரல் 1, பிஎஸ்-6. டீசலில் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10க்கு இறங்கியது, சைலன்சர் வழியில் புகைக்கரி பிடிக்கிற டிபிஎஃப் வந்தது. இதோடு ஆயிலின் வேலையே மாறிவிட்டது. டிபிஎஃப்பில் சேர்கிற கரியை வண்டி தானே எரித்துக்கொள்ளும். ஆனால் ஆயிலில் உள்ள சேர்மானங்கள் எரிந்து விழுகிற சாம்பல் எரியாது, அங்கேயே அடைக்கும். அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள். ஏபிஐ சிகே-4 என்ற வகையில் சாம்பலுக்கு 1 சதவீதம் உச்சவரம்பு. கேனில் பெரிசாக இருப்பது 15டபிள்யூ-40. சின்ன எழுத்தில் இருப்பது சிஎஃப்-4, சிஐ-4, சிகே-4. டிபிஎஃப் வைத்த வண்டியில் உங்க பணத்தைத் தீர்மானிப்பது அந்தச் சின்ன எழுத்து. பழைய சிஎஃப்-4 போட்ட 20டபிள்யூ-50 கேனும் கெட்டி ஆயில்தான்.

எங்க தெருவில் மினி லோடு ஓட்டுகிற அண்ணன் ஒருத்தர் போன ஐப்பசியில் சந்தோஷமாகச் சொன்னார், "தம்பி, நம்ம வண்டி ஆயிலே குடிக்கிறதில்ல, டிப் ஸ்டிக்ல லெவல் ஏறியிருக்கு பாரு." எனக்குப் பகீரென்றது. அவர் வண்டி காலையில் வில்லியனூர் மார்க்கெட், திரும்பி அரியூர், மறுபடி ஒரு சின்ன நடை, அவ்வளவுதான். டிபிஎஃப் கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தெளிக்கும். அது முடிவதற்குள் சாவியைத் திருப்பினால் அடுத்த முறை மறுபடி ஆரம்பம். தெளித்ததில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே ஆயிலில் இறங்கும். பெட்ரோல் மாதிரி டீசல் சீக்கிரம் ஆவியாகிப் போகாது. லெவல் ஏறியது ஆயிலால் இல்லை, டீசலால். நாற்பதாக ஊற்றியது உள்ளே முப்பதாக ஆகிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காக்காரன் தண்ணி ஆயிலைத் திட்டுகிற நாம் வீட்டு வாசலிலேயே அதைத் தயாரிக்கிறோம்.

"அப்போ இன்னும் கெட்டியா ஊத்திட்டா?" என்றார். டீசல் கலப்பது நிற்காதே அண்ணே, ஆயில் மாற்றுகிற தூரத்தைக் குறைக்கணும், வாரத்துக்கு ஒரு தடவையாவது புறவழியில் அரைமணி ஓட விடணும் என்றேன். அந்த டீசலுக்கு யார் காசு தருவா என்று கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் நல்ல பதில் இல்லை.

இங்கே தயாரிப்பாளர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நான் வாங்கிப் பார்த்த ஒரு பிக்கப்பின் கையேடு முழுக்க ஆங்கிலம். ஆயில் வகை ஒரு அட்டவணையில், கடும் உபயோகத்துக்கு இடைவெளியைப் பாதியாக்கு என்பது வேறு ஒரு பக்கத்தில். கடும் உபயோகம் என்று அவர்கள் எழுதியிருந்த பட்டியல் — தூசி, குறுகிய ஓட்டம், அடிக்கடி நிறுத்தம், முழுச் சுமை — இங்கே ஓடுகிற ஒவ்வொரு லோடு வண்டியின் சாதாரண நாள். விற்கும்போது சொல்வதோ பெரிய இடைவெளியை. அந்த எண் விற்பனைக்கு, இந்தப் பக்கம் வாரண்டியை மறுப்பதற்கு.

மறுத்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்கட்டும். சாதாரண வாகனக் காப்பீடு இயந்திரப் பழுதைத் தாங்காது. விபத்து, திருட்டு, வெள்ளம் சரி. பேரிங் போய் இன்ஜின் ஜாம் ஆனால் கிடையாது. மாதத் தவணை மட்டும் நிற்காமல் ஓடும். வாரண்டி கேட்டுப் போனால் முதலில் பில்லைக் கேட்பார்கள். கேனில் இருந்த எழுத்து பில்லில் இருக்கட்டும்: வெறும் "ஆயில் 6 லிட்டர்" என்று எழுதி வாங்காதீர்கள்.

டன்ட்ரா கதையிலிருந்து நம்ம வண்டிக்கு நேராகப் பயன்படுகிற ஒன்று உண்டு, அது ஆயில் வகை பற்றியது இல்லை. தொழிற்சாலைத் துகள் உள்ளே இருந்தால் அது முதல் ஆயில் ஃபில்டரில் தெரியத் தொடங்கும். முதல் சர்வீஸில் கழற்றின ஃபில்டரைக் கேட்டு வாங்குங்கள். பட்டறையில் வெட்டச் சொல்லி, உள்ளே மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். புது இன்ஜினில் மாவு மாதிரி கொஞ்சம் மினுக்கம் சகஜம். நகத்தில் தட்டுப்படுகிற செதில் இருந்தால், படம் எடுத்து, கிலோமீட்டர் குறித்து, வாரண்டி இருக்கும்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஃபில்டரைத் திருப்பித் தர மாட்டோம் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால், கழற்றும்போது பக்கத்தில் நின்று அங்கேயே வெட்டச் சொல்லுங்கள்.