பெடர்சனைத் தோற்கடித்தது மக்ஆர்தரா?

அமெரிக்காவின் எம்1 துப்பாக்கி பிறந்த கதையை எழுதுறவங்க பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் முடிக்கிறார்கள். பெடர்சன், கேரண்ட் ரெண்டு பேரும் .276 அங்குலத் தோட்டாவுக்கு அருமையான செமி ஆட்டோமேட்டிக் செய்து வைத்திருந்தார்கள். 1932 பிப்ரவரியில் ராணுவத் தலைமைத் தளபதி மக்ஆர்தர், பழைய.30 தோட்டாதான் வேணும்னு அடம்பிடிச்சு பெடர்சனின் கனவைக் கலைத்தார். எனக்கு இதில் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

முதலில் பெடர்சனின் துப்பாக்கியைத் திறந்து பார்க்கணும். அதில் போல்ட்டை இறுகப் பூட்டும் அமைப்பே கிடையாது. முழங்கால் மாதிரி மடங்கும் ஒரு கணு, போல்ட் பின்னால் வருவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். குழலுக்குள் அழுத்தம் இறங்குவதற்கு முன்பே தோட்டாவின் பித்தளைக் கூடு நகர ஆரம்பித்துவிடும். அழுத்தத்தில் உப்பிய கூடு அறைச் சுவரைக் கவ்விக்கொள்ளும் நேரம் அது. வழுக்கி வரலைன்னா கிழியும். அதனால் ஒவ்வொரு தோட்டாவுக்கும் மெல்லிசா மெழுகு பூசினார். தொட்டால் கையில் ஒட்டாத கெட்டி மெழுகு. உண்மையிலேயே கெட்டிக்கார வேலை. ஆனால் மெழுகு பூசினால்தான் ஓடும் துப்பாக்கியைப் படைக்குக் கொடுத்தால், தோட்டா ஆலையிலிருந்து பதுங்குகுழி வரைக்கும் அந்த மெழுகைக் காப்பாத்தணுமே! கேரண்டின் துப்பாக்கி வாயுவில் ஓடியது, போல்ட் திரும்பிப் பூட்டிக்கொண்டது. மெழுகு தேவைப்படவில்லை.

1932 ஜனவரியிலேயே, அதாவது மக்ஆர்தர் கை வைப்பதற்கு முன்பே, சோதனைக் குழு .276 கேரண்டைத்தான் பரிந்துரைத்தது. பெடர்சன் அங்கேயே தோத்துட்டார். வரலாறு எழுதுறவங்க இந்த ஒரு மாச இடைவெளியை ஏன் இவ்வளவு அலட்சியமாகத் தாண்டுகிறார்கள் என்று தெரியவில்லை.

மக்ஆர்தர் கணக்கும் வெறும் அடம் இல்லை. பெருமந்தக் காலம், கையில் காசில்லை. கிடங்குகளில் .30 தோட்டா மலையாகக் கிடந்தது, இயந்திரத் துப்பாக்கிகளும் அதையே தின்றன. கேரண்டிடம் .30 வடிவமும் இருந்ததால் வேலை நிற்கவில்லை; 1936இல் எம்1 ஏற்கப்பட்டது. பெடர்சனிடம் அப்படி இன்னொன்று இல்லை.

நிஜமாகவே இழந்தது தோட்டாவைத்தான். 1928இல் மயக்க மருந்து கொடுத்த பன்றிகளைச் சுட்டுப் பார்த்த சோதனை (படிக்கவே சங்கடமான ஆவணம்) சிறிய தோட்டாவே போதும் என்று காட்டியது. எடை குறைவு, உதை குறைவு. .276இல் கிளிப்புக்கு 10 தோட்டா; எம்1இல் அது 8 ஆனது.