தவத்துக்கு எது அளவுகோல்?

நம் மன்றத்தின் மலர்க் குழுவினர் தியானம் கற்பது பற்றியும் அதனால் மெய்யாக என்ன கிடைக்கும் என்பது பற்றியும் எழுதச் சொன்னார்கள். நம் அன்பர்களுக்குத் தவ நிலைகளில் ஆக்கினை எது, துரியம் எது என்று விளக்கப் புகுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. ஆகவே அதை விட்டுவிடுகிறேன். பெரியவர்கள் தவத்தை எந்தக் கோலால் அளந்தார்கள், இன்று நாம் எந்தக் கோலைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதை மட்டும் பார்ப்போம். கண்மூடி இருக்கையில் என்ன தெரிந்தது என்ற கேள்விக்குப் பெரியவர்கள் மதிப்பெண் கொடுத்ததே இல்லை. எழுந்து வீட்டுக்குப் போனவரின் சினமும் கவலையும் குறைந்தனவா என்றுதான் பார்த்தார்கள்.

நம் வட்டாரத்துக்குத் தவம் புதிய சரக்கு அல்ல. திருவாலங்காடு காரைக்கால் அம்மையாரின் தலம். திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. அதே ஒற்றியூருக்குத்தான் வள்ளலார் சென்னையிலிருந்து நடந்து போய் வழிபட்டார். முறைகள் பல. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தைப் பேசும்போது இயம நியமங்களைத் தாண்டித்தான் தியானத்துக்கு வருகிறது. வள்ளலார் ஜீவகாருண்யத்தை முதலில் வைத்தார். வடலூரில் 1867-இல் தருமசாலை அடுப்பு எரிந்தது, ஞானசபை 1872-இல்தான் வந்தது. தம் ஆசிரியர் உ பா கின் மரபை 1969-இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த கோயங்காவின் விபாசனாவும் அப்படித்தான். திருமுடிவாக்கம் மையத்தில் பத்து நாள் மௌனத்துக்குள் போகிறவர் முதலில் ஏற்பது பஞ்சசீலம். மூச்சைக் கவனிப்பது அதன் பிறகு. ரமணர் வழி தனிக் கட்டுரைக்கு உரியது. செய்முறையில் இவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போக மாட்டார்கள். ஒழுக்கம் முன்னே, அனுபவம் பின்னே என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே குரல்.

இந்த ஒரே குரலை நடைமுறைப் பாடமாக்கியது நம் வேதாத்திரி மகரிஷியின் தனிச் சிறப்பு என்பேன். சொந்தப் பள்ளியின் பெருமை பேசுகிறேன் என்று பிற மரபினர் கோபித்தால் பொறுத்துக்கொள்ளட்டும். கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவாளர் வீட்டில் பிறந்து, தறியும் வியாபாரமும் குடும்பமுமாக வாழ்ந்தவர் வேதாத்திரி. குண்டலினி என்றாலே இல்லறத்தார் அஞ்சி ஒதுங்கிய காலம் அது. தம் குரு பரஞ்சோதி மகான் திறந்த கதவை இவர் அகலமாக்கினார். ஏறிய ஆற்றலை இறக்கிக்கொள்ளச் சாந்தி தவத்தையும் சேர்த்துக் கொடுத்து, மில் தொழிலாளியும் மளிகைக் கடைக்காரரும் வீட்டை நடத்தும் பெண்ணும் பயமில்லாமல் உட்காரலாம் என்றாக்கினார். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கம், 1984-இல் ஆழியாறு அறிவுத்திருக்கோயில், 2006-இல் நிறைவு. இதெல்லாம் நாமறிந்த வரலாறு. ஆனால் அவருடைய பெரிய கொடை அகத்தாய்வு என்றே நான் கருதுகிறேன். யார் மீது சினம் வந்தது, எதற்காக, எத்தனை முறை, இனி என்ன செய்வது என்று தாளில் எழுதிப் பார்க்கச் சொன்னவர் அவர். எண்ணம் ஆராய்ந்து, ஆசையைச் சீரமைத்து, சினம் தவிர்த்து, கவலை ஒழித்த பிறகுதான் 'நான் யார்' என்ற கேள்விக்கே வரச்சொன்னார். துணைவியார் லோகாம்பாள் பிறந்த ஆகஸ்ட் 30-ஐ மனைவி நல வேட்பு நாளாக அவர் வைத்ததும் இதே நோக்கில்தான். தவத்தின் தேர்வுக்கூடம் வீடு.

தியானம் பற்றிய மருத்துவ ஆய்வுகளும் அடக்கமாகவே பேசுகின்றன. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் ஒன்றில் 2014-இல் வந்த தொகுப்பாய்வு, 3,515 பேர் பங்கேற்ற 47 சோதனைகளை ஆராய்ந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான பலன் உண்டு. உடற்பயிற்சியையோ மருந்தையோ தியானம் விஞ்சியதாகச் சான்றில்லை என்றது. பதற்றநோய் உள்ள 276 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரப் பயிற்சி வழக்கமான மாத்திரைக்குக் குறையாத பலனைத் தந்தது. அதே ஆண்டு வந்த பிரிட்டன் பள்ளி ஆய்வோ எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரிடம் நடந்தும் கூடுதல் பலன் எதையும் காணவில்லை. பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. இவை நம் தவத்தைச் சோதித்தவை அல்ல என்பது சரியான ஆட்சேபணைதான். அப்படியானால் நம் தவம் சர்க்கரையைப் போக்கும், கட்டியைக் கரைக்கும் என்று மேடையில் சொல்லவும் நமக்கு ஆதாரம் இல்லை. மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவரிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்வது பாவம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூரிலும் ஷிப்ட் பார்க்கிறவர்கள் கேட்பது இதைவிடக் கூர்மையான கேள்வி. உருக்காலையின் அனலைத் தவம் தணிக்குமா, நைட் ஷிப்டின் களைப்பை ஆக்கினை ஆற்றுமா, இல்லை, முதலாளிக்குச் சௌகரியமாக எங்களைப் பொறுமைசாலிகள் ஆக்குவதற்குத்தானா இதெல்லாம்? தணிக்காது என்பதே நேர்மையான பதில். காற்றோட்டமும் வெப்பக் கட்டுப்பாடும் சட்டப்படி நிர்வாகத்தின் கடமை. இரவு ஷிப்டைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2007-இலேயே சேர்த்தது. 2019-இலும் அதையே உறுதி செய்தது. நிர்வாகத்தின் கடமைக்குத் தவம் மாற்றாகாது. ஷிப்ட் முடிந்து வந்தவர் சூப்பர்வைசர் மேல் வந்த ஆத்திரத்தைப் பிள்ளை மேல் காட்டாமல் இருக்க அது உதவும். கேட்க வேண்டிய உரிமையை நிதானமாகக் கேட்கவும் உதவும். இது சின்னப் பலன் என்று எவருக்காவது தோன்றினால், அவர் வீட்டாரைக் கேட்டுப் பார்க்கலாம்.

இனி சொல்லப்போவதை யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை. மூத்தவர்கள் பொறுத்தருள வேண்டும். தீட்சை பெற்ற மூன்றாம் நாளே ஒளி தெரிகிறது என்கிறார்கள். நல்லது, உயர்ந்த நிலை என்று தலையாட்டவும் சில இடங்களில் ஆள் இருக்கிறது. ஆசிரியர் இருந்த இடத்தில் ஒலிப்பதிவு ஓடுகிறது. சாந்தி தவத்தின் நடுவே செல்போன் அதிர்கிறது. சான்றிதழ் வாங்கிய நிழற்படம் அன்று மாலையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறுகிறது. அருள்நிதிப் பட்டம் கல்யாணப் பத்திரிகையில் இடம்பிடிக்கிறது. ஆண்டு விழாவில் தவத்துக்கு ஒதுக்கிய நேரத்தைப் பொன்னாடைகள் தின்றுவிடுகின்றன. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து நம் பக்கத்து ஷெட்டில் வேலை பார்க்கும் பையன்களுக்கு இந்தியில் ஒரு வகுப்பு எடுக்க ஆளில்லை. பேனர் அடிக்க ஆளுண்டு. அகத்தாய்வு வகுப்பு என்றால் மட்டும் நாற்காலிகள் காலி. ஜி.என்.டி. சாலை நெடுக ஹார்ன் அடித்துக்கொண்டு மோதிக்கொள்வது, தவணைக் கடனில் முழுகுவது, டாஸ்மாக் வாசலில் நிற்பது, அண்ணன் தம்பி வரப்புக்காகக் கோர்ட் ஏறுவது அத்தனைக்கும் நாம் அகத்தாய்வைக் கைவிட்டதே காரணம் என்றால் மிகை என்பார்கள். மிகையாகவே இருக்கட்டும், சொல்லிவிட்டேன்.

மன்ற நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டில் புதிதாக எத்தனை பேருக்குத் தீட்சை கொடுத்தோம் என்ற கணக்கை ஆண்டறிக்கையிலிருந்து எடுத்துவிடுங்கள். அகத்தாய்வை முழுமையாக முடித்தவர் எத்தனை பேர் என்று மட்டும் அச்சிடுங்கள்.