வாசலும் பந்தோபஸ்தும்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை. ஒரு ஜில்லாத் தலைநகரில் நான் ஏறியிருந்த பஸ் முக்கால் மணி நேரமாக அசையவில்லை. யாரோ ஒரு மந்திரி அந்தச் சாலை வழியாகப் போகப் போகிறார் என்றார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருந்தார். உள்ளே நாலாக மடித்த மனு. கலெக்டர் ஆபீசில் குறை கேட்கும் நாள் அது. நேரம் தவறினால் இன்னும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்.

"மந்திரி கையிலேயே கொடுத்துடலாம்னா கிட்டப் போக விடமாட்டாங்க. கலெக்டர்கிட்டக் கொடுக்கலாம்னா, அந்த மந்திரிக்காகப் பஸ்ஸை விடமாட்டேங்கறாங்க. நான் யாருகிட்டத்தான் கொடுக்கிறது, சாமி?" என்றார் அவர்.

முன் இருக்கையில் இரண்டு பேர் வாதாடிக் கொண்டிருந்தார்கள். "பக்கத்து நாட்டைப் பாருங்கள். பூட்டான் ராஜா ஜனங்களோடு ஜனங்களாக நடந்து போகிறார்" என்றார் ஒருவர். "பக்கத்து நாடுகளில் எத்தனை தலைவர்களைக் கொன்றிருக்கிறார்கள், தெரியுமா? கதவைத் திறந்து போட்டவன் எவன் பிழைத்தான்?" என்றார் மற்றவர். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. வீடு திரும்பிய பிறகும் அந்த வாதம் என்னை விடவில்லை.

நம் நாட்டிலிருந்தே தொடங்குகிறேன். 1948 ஜனவரி 20-ஆம் தேதி, டில்லி பிர்லா மாளிகையில் காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. உள்துறை மந்திரி படேல் பந்தோபஸ்தைப் பலப்படுத்தினார். வருகிறவர்களைச் சோதனை போட்டு உள்ளே விட அனுமதி கேட்டார்கள். அடிகள் சம்மதிக்கவில்லை. கடவுளைத் தொழ வருகிறவனின் மடியைத் தடவிப் பார்ப்பது அவருக்கு ஒவ்வாத காரியம். பத்து நாள் கழித்து, கை கூப்பி வணங்கிவிட்டுச் சுட்டான் கோட்ஸே.

அதன் பிறகும் நேரு மாறவில்லை. 1955-இல் நாகபுரியில் ஒருவன் கத்தியோடு அவர் கார்மீது பாய்ந்து ஏறினான். நல்ல வேளையாக ஒன்றும் நேரவில்லை. கயிற்றைத் தாண்டிக் கூட்டத்துக்குள் புகுந்துவிடும் வழக்கத்தை நேரு விடவும் இல்லை. அவருடைய மகளுக்கு வந்த யமன் கூட்டத்திலிருந்து வரவில்லை. 1984 அக்டோபர் 31-ஆம் தேதி இந்திரா காந்தியைச் சுட்டவர்கள், அவரைக் காப்பதற்காகவே துப்பாக்கி கொடுக்கப்பட்ட இரண்டு காவலர்கள். பொற்கோயில் நடவடிக்கைக்குப் பிறகு சீக்கியக் காவலர்களை விலக்கி வைக்கும்படி யோசனை சொன்னார்கள். மதத்தைக் காரணமாக வைத்து ஒருவனைச் சந்தேகிப்பதை அவர் ஏற்கவில்லை. அரசியலில் அவரைக் குறை சொல்ல எனக்கு எத்தனையோ உண்டு. இந்த ஒரு மறுப்புக்காக அவரிடம் மரியாதை வைத்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டே பிரதம மந்திரிக்கென்று விசேஷப் பாதுகாப்புப் படை பிறந்தது. 1988-இல் அதற்குச் சட்டமும் வந்தது. 1989-இல் ராஜீவ் காந்தி பதவி இழந்தார். சட்டம் பிரதம மந்திரிக்கு மட்டுமே என்று சொன்னதால், படை அவரை விட்டு விலகியது. ஆபத்தும் பதவியோடு வந்து பதவியோடு போய்விடும் என்று சட்டம் நினைத்தது போலும்! 1991 மே 21-ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில், காலைத் தொட்டு வணங்குவதற்காகக் குனிந்தவள் வெடித்தாள்.

ஸ்ரீபெரும்புதூரைப் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தை நாம் மறந்துவிடுகிறோம். அன்று இறந்தவர் அவர் ஒருவர் அல்ல. மாலை போட வந்தவர்களும், பார்க்க வந்தவர்களும், காவலுக்கு நின்ற போலீசாருமாகப் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். எளியவராக இருக்கும் தலைவரை நாம் மெச்சுகிறோம், மெச்சத்தான் வேண்டும். ஆனால் அந்த எளிமைக்கு விலையை அவர் மட்டுமே கொடுப்பதில்லை. "என் உயிர், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் உரிமை, ஆயிரம் பேர் நெருக்கியடித்து நிற்கும் மைதானத்தில் எந்தத் தலைவருக்கும் கிடையாது.

இதைப் பாகிஸ்தான் இன்னும் கொடூரமாகச் சொல்லித் தருகிறது. ராவல்பிண்டியில் கம்பெனி பாக் என்று ஒரு பூங்கா. 1951 அக்டோபர் 16-ஆம் தேதி அங்கே பொதுக்கூட்டத்தில் பேச எழுந்த முதல் பிரதம மந்திரி லியாகத் அலி கான் சுடப்பட்டார். சுட்டவனையும் அந்த இடத்திலேயே கொன்றுவிட்டார்கள். ஏன் சுட்டான் என்ற கேள்வி அவனோடு புதைந்தது. பூங்காவுக்கு லியாகத் பாக் என்று பெயர் வைத்தார்கள். 56 ஆண்டுகள் கழித்து, 2007 டிசம்பர் 27-ஆம் தேதி, அதே லியாகத் பாக்கில் பேசிவிட்டுக் கிளம்பிய பேநசீர் புட்டோ, ஜனங்களைப் பார்த்துக் கை அசைக்கக் காரின் மேல் திறப்பு வழியாக எழுந்து நின்றார். குண்டு துளைக்காத கார்தான். அதற்குள் உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பார் என்கிறார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு கராச்சியில் அவருடைய ஊர்வலத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் குண்டுக்கு இரையாகியிருந்தார்கள். அப்படியும் எழுந்து நின்றார். முகத்தைக் காட்டாத தலைவரை நம் பக்கத்து ஜனங்கள் தலைவராக ஏற்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

இனி இலங்கை. கதை எழுதுகிறவன் என்ற முறையில் என் மனம் திரும்பத் திரும்பப் போய் நிற்பது கொழும்பில் ரோஸ்மீட் பிளேஸில் இருந்த ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில். பிரதம மந்திரி பண்டாரநாயகாவின் சொந்த வீடு அது. காலை வேளையில் யார் வேண்டுமானாலும் வந்து அவரைப் பார்க்கலாம். 1959 செப்டம்பர் 25-ஆம் தேதியும் அப்படித்தான் பலர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் சோமராமர் என்ற பௌத்த பிட்சு. காவி உடையைக் கண்டதும் பிரதம மந்திரி குனிந்து வணங்கினார். பிட்சு உடைக்குள்ளிருந்து ரிவால்வரை எடுத்துச் சுட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் பண்டாரநாயகா இறந்தார். சுட்டவர்மீது கருணை காட்டும்படி படுக்கையிலிருந்து கேட்டுக்கொண்டாராம். எந்த நாவலாசிரியனும் எழுதத் துணியாத காட்சி.

ஆனால் இத்தோடு கதையை முடித்தால் அது கண்ணீர்க் கதையாகப் போய்விடும். அதே வீட்டு வாசலில் ஒன்றரை ஆண்டுக்கு முன் நடந்தது என்ன? தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு 1957-இல் பண்டாரநாயகா ஓர் ஒப்பந்தம் செய்திருந்தார். 1958 ஏப்ரலில் பிட்சுக்கள் கூட்டமாக வந்து அந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தத்தைக் கைவிட்டதாக எழுதி வாங்கிக் கொண்டுதான் எழுந்தார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1956 ஜூன் 5-ஆம் தேதி, சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்ற சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத் திடலில் அமைதியாக உட்கார்ந்த தமிழர்களுக்குக் கிடைத்தது என்ன? குண்டர்களின் அடி. பிரதம மந்திரியின் வாசல் திறந்துதான் இருந்தது. யாருக்குத் திறந்திருந்தது என்பதுதான் கேள்வி.

அந்தத் தாழ்வாரம் மூடியதோடு இலங்கையில் சுவர்கள் உயர்ந்தன. யுத்தம் வந்த பிறகு இன்னும் உயர்ந்தன. சுவர் காப்பாற்றியதா? 1993 மே தின ஊர்வலத்தில் ஜனாதிபதி பிரேமதாசாவைக் கொன்றவன், அவர் வீட்டு ஊழியர்களோடு பழகி நெருங்கி வந்தவன்.

வங்காள தேசத்தில் ஷேக் முஜிபுர் ரஹ்மான் அரசாங்க மாளிகைக்குப் போகாமல் தன்மண்டியில் தம் சொந்த வீட்டிலேயே குடியிருந்தார். எச்சரிக்கைகள் வந்தன. தம்முடைய ஜனங்கள் தம்மைக் கொல்வார்கள் என்று அவர் நம்பவில்லை. 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி ராணுவ அதிகாரிகள் வந்தார்கள். மனைவி, மக்கள், பத்து வயதுச் சிறுவன் உள்படக் கொன்றார்கள்.

பூட்டானை மறக்கவில்லை. அங்கே ராஜா மலைக் கிராமங்களுக்கு நடந்தே போகிறார். குடிமக்கள் அவரிடம் நேரே முறையிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. ஏழெட்டு லட்சம் பேர் உள்ள நாட்டில் அது சாத்தியம். ஆனால் அங்கேயும் 1964-இல் ஒரு பிரதம மந்திரி சுட்டுக் கொல்லப்பட்டார். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டு நேபாள முகாம்களில் அகதிகளாகக் கிடந்த நேபாளி மொழி பேசும் லட்சம் பேருக்கு அந்த அரண்மனை வாசல் திறக்கவில்லை. பஸ்ஸில் பேசிய நண்பர் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆகவே, பந்தோபஸ்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பந்தோபஸ்து வேறு, பவிஷு வேறு என்கிறேன். அன்று ராஜாவுக்கு வெண்கொற்றக் குடை. இன்று பின்னால் ஓடி வரும் பத்துக் கார்கள். 2017 மே முதல் தேதியிலிருந்து மந்திரிகளின் கார்களில் சிவப்பு விளக்கு கிடையாது என்று ஆக்கினார்கள். நல்ல காரியம். விளக்கு போயிற்று, விளக்கு தந்த மயக்கம் போகவில்லை. ஆபத்து இருக்கிறவருக்குக் காவல் கொடுங்கள். காவலைக் கொண்டு தம் பெருமையை அளக்கிறவருக்கு ஏன் ஊரை நிறுத்த வேண்டும்?

சிலப்பதிகாரத்தில் ஒரு வாயிற்காவலன் வருகிறான். தலைவிரி கோலமாக, கையில் ஒற்றைச் சிலம்போடு நிற்கிற கண்ணகியைப் பார்த்து அவன் நடுங்குகிறான். ஆனாலும் அவளைத் துரத்தவில்லை. உள்ளே போய்ச் சொல்கிறான். பாண்டியன் வரவிடச் சொல்கிறான். இன்றாக இருந்தால் அந்தச் சிலம்பை வாசலிலேயே வாங்கி வைத்திருப்பார்கள். வழக்கும் நடந்திராது, காப்பியமும் பிறந்திராது. பாண்டியனின் இந்தப் பெருந்தன்மையைப் பாராட்டாத தமிழாசிரியர் இல்லை. எனக்கு ஒரு வருத்தம் உண்டு. கோவலனை அவன் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே! பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, குற்றவாளி முகத்தைப் பார்க்காமலே உத்தரவு போட்டவன்தானே? கோவலனுக்குத் திறக்காத வாசல் கண்ணகிக்குத் திறந்து என்ன பயன்?

மதுரை எரிந்த கதை பழங்கதை அல்ல. 2022-இல் கொழும்பு ஜனங்கள் எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை என்று காலிமுகத் திடலில் மூன்று மாதம் உட்கார்ந்திருந்தார்கள். ஜூலை 9-ஆம் தேதி ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து அவருடைய நீச்சல் குளத்தில் குளித்தார்கள். 2024 ஆகஸ்டு 5-ஆம் தேதி டாக்காவில் பிரதம மந்திரியின் மாளிகைக்குள் ஜனங்கள் நுழைந்து கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். அன்றே முஜிபுரின் தன்மண்டி வீட்டுக்கும் தீ வைத்தார்கள். மறு ஆண்டு அதை இடித்தும் விட்டார்கள். துப்பாக்கி பிடித்த காவல் இரண்டு இடத்திலும் இருந்தது. காது கொடுத்துக் கேட்கிறவர்தான் இல்லை.

தலைவர் தெருவில் நடந்து வர வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. நடந்து வந்து, படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களையும் பார்த்தாயிற்று. அவர் காரிலேயே போகட்டும். குண்டு துளைக்காத காராகவே இருக்கட்டும். மனு மட்டும் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பதிலும் திரும்பி வர வேண்டும்.

மந்திரியின் கார்கள் கடைசியில் வந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. பஸ் கிளம்பியது. கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் கிழவர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது.