எல்லை கடந்த மின்சாரமும் எல்லைக்குள் நின்ற ஆட்சியும்: அமெரிக்க மேற்குப்புல மின்சந்தைச் சீர்திருத்தம் பற்றிய ஒரு நோக்கு

பண்டங்களுள் மின்சாரம் தனித்தன்மை வாய்ந்தது. நெல்லைக் களஞ்சியத்தில் இட்டு, விலை ஏறும்வரை காத்திருக்கலாம். மின்சாரத்தைப் பேரளவில் அவ்வாறு சேமித்து வைத்தல் அண்மைக்காலம் வரை எளிதாயிருக்கவில்லை. உற்பத்தியும் நுகர்வும் கணந்தோறும் சமப்பட வேண்டியிருத்தலின், அதன் சந்தையை நடத்துவோனுக்கு வேறெந்தத் தரகனுக்கும் வாய்க்காத அதிகாரம் வாய்க்கிறது. அவ்வதிகாரம் யாரிடம் இருத்தல் வேண்டும் என்னும் வினா, மின்கம்பி ஓர் அரசின் எல்லையைத் தாண்டும்பொழுது கூர்மையடைகிறது. 2025 செப்ரெம்பரில் கலிபோர்னிய ஆளுநர் ஒப்பமிட்ட சட்டம் இவ்வினாவுக்குத் தரப்பட்ட விடையெனலாம். அதனைப் பெருஞ் சாதனையெனப் பலர் பாராட்டியுள்ளனர். அப்பாராட்டு எந்த அளவுக்குத் தகும் என்பது ஆராயப்பட வேண்டியதாகும்.

கலிபோர்னிய மின்தொகுதி இயக்குநர் நிறுவனம் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிப் பிறந்து, 1998இல் பணி தொடங்கியது. மின்கம்பனிகள், உற்பத்தியாளர், நுகர்வோர் முதலிய தரப்பினரின் பிரதிநிதிகள் 26 பேர் கொண்ட சபையொன்று அதனை ஆண்டது. நலன்கள் மோதும் இத்தகைய சபை நெருக்கடியில் என்ன செய்யவியலும் என்பதனை 2000, 2001ஆம் ஆண்டுகள் காட்டின. என்ரோன் முதலிய வணிக நிறுவனங்கள் செயற்கைத் தட்டுப்பாட்டை உண்டாக்கி விலையை வானளவு ஏற்றின. 2001 ஜனவரியில் முறைவைத்து மின்வெட்டு நடந்தது. ஏப்ரலில் மாநிலத்தின் பெரும் மின்கம்பனிகளுள் ஒன்று வங்குரோத்து நிலையை அறிவித்தது. அச்சூழலிலேயே மாநிலச் சட்டமன்றம் பழைய சபையை நீக்கி, ஆளுநர் நியமிக்கும் ஐவர் சபையை நிறுவியது. அதனை மாற்றுமாறு சமஷ்டி ஆற்றல் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2002இல் பணித்தது. அவ்வாறு பணிக்க ஆணைக்குழுவுக்கு அதிகாரமில்லை என 2004இல் மேன்முறையீட்டு நீதிமன்று தீர்த்தது. இவ்வரலாற்றை மறந்து, கலிபோர்னியர் தன்னலத்தினாலேயே அதிகாரத்தை இறுகப் பற்றியிருந்தனர் என்று கூறுதல் நியாயமன்று. கொள்ளைபோன வீட்டார் கதவுக்குப் பூட்டிட்டமை குற்றமாகாது.

ஆயின் பூட்டிய வீட்டுக்குள் அயலாரும் வந்து சேர்ந்தனர். 2014 நவம்பரில், ஆறு மாநிலங்களில் மின்வழங்கும் பசிபிக்கோர்ப் என்னும் கம்பனியுடன் சேர்ந்து, 15 நிமிடத்துக்கும் 5 நிமிடத்துக்கும் ஒருமுறை கணக்குத் தீர்க்கும் சமனிலைச் சந்தையைக் கலிபோர்னிய நிறுவனம் தொடங்கிற்று. நண்பகலில் கலிபோர்னியாவில் மிகுந்துபோகும் சூரியமின்சாரம் அயலுக்குச் செல்லும். மாலையில் வடமேற்கின் நீர்மின்சாரம் தெற்கே வரும். 2024ஆம் ஆண்டளவில் இச்சந்தையால் விளைந்த நன்மை 500 கோடி டொலரைத் தாண்டியதெனக் கணக்கிடப்பட்டது. கணக்கிட்டது சந்தையை நடத்தும் நிறுவனமே என்பதும் மனங்கொள்ளத்தக்கது. பிற மாநிலத்தாரும் இடம்பெறும் சபையொன்று இச்சந்தையின் விதிகள் மீது படிப்படியாக அதிகாரம் பெற்றது. எனினும் ஆளுநரின் ஐவரது இசைவின்றி விதியெதுவும் மாறவியலாதிருந்தது. ஒறிகனில் வாழும் குடும்பமொன்றின் மின்கட்டணத்தைப் பாதிக்கும் விதியை, அக்குடும்பம் வாக்களிக்கவே இயலாத ஆளுநரின் நியமனதாரர் தீர்மானிப்பது எங்ஙனம் நீதியாகும்?

இக்குறையைக் களைய 2018இல் கொணரப்பட்ட சட்டமூலம் தோல்வியுற்றது. தொழிற்சங்கங்கள் சிலவும் சுற்றாடல் இயக்கங்கள் சிலவும் அதனை எதிர்த்தன. வேலைவாய்ப்புப் பிற மாநிலங்களுக்குச் சென்றுவிடும் என்பது ஒரு சாராரின் அச்சம். சமஷ்டி அரசு பிராந்தியச் சந்தையைக் கருவியாக்கி யூட்டா, வயோமிங் நிலக்கரி நிலையங்களுக்கு வாழ்வளிக்கும் என்பது மற்றொரு சாராரின் அச்சம். முதலாவது அச்சத்தில் பொருளுண்டு. இரண்டாவது, பாதியே உண்மை: கலிபோர்னிய நிறுவனத்தின் கட்டண விதிகள் முன்னரும் சமஷ்டி ஆணைக்குழுவின் அங்கீகாரத்துக்கு உட்பட்டனவே. சபையை யார் நியமிப்பினும் அவ்வுண்மை மாறாது.

2023இல் கலிபோர்னியா, ஒறிகன், வாஷிங்டன், அரிசோனா, நியூ மெக்சிகோ ஆகிய ஐந்து மாநிலங்களின் ஒழுங்குபடுத்துநர் புதிய வழியொன்றை முன்மொழிந்தனர். 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விளைவே. சந்தை விதிகளை வகுக்கும் பொறுப்பைச் சுயாதீனமான பிராந்திய அமைப்பொன்று ஏற்கும். கலிபோர்னியாவின் கம்பித்தொகுதியை இயக்கும் பொறுப்புப் பழைய நிறுவனத்திடமே நிற்கும். எவ்வகை மின்சாரத்தைக் கொள்வனவு செய்வதென்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்யும். 2028 ஜனவரி முதலாந் திகதிக்குப் பின்னரே கலிபோர்னியா இதில் சேரலாம். விலகும் உரிமையும் உண்டு. 2018இன் அச்சங்களுக்கு விடை காணும் நேர்த்தி இவ்வமைப்பில் உளது. அதனை மறுக்கவியலாது.

எனினும் இவ்வமைப்பின் நலிவும் அந்நேர்த்தியிலேயே உறைகிறது. விதி வகுப்போரும் விதியை இயக்குவோரும் பிரிக்கப்பட்டுள்ளனர். ஆனால் மின்சந்தையில் விதியென்பது ஏட்டில் எழுதிய வாசகம் மாத்திரமன்று. ஐந்து நிமிடத்துக்கொருமுறை விலையைக் கணிக்கும் கணினிநிரலே விதியின் உண்மையான வடிவம். அந்நிரலும் அதனை விளங்கிய பொறியியலாளரும் கலிபோர்னியாவின் ஃபோல்சம் நகரிலுள்ள பழைய நிறுவனத்திலேயே இருப்பர். தனக்கெனத் தேர்ந்த ஆய்வாளரையும் சந்தைக் கண்காணிப்பாளரையும் கொள்ளாத சபை, இயக்குநர் எழுதிக் கொடுக்கும் அறிக்கைக்குத் தலையசைக்கும் சபையாகவே அமையும். சட்டத்தைப் புகழ்வோர் இதனைச் சிறு நிருவாக விடயமாகக் கருதிக் கடந்துசெல்வது வியப்பாயுள்ளது.

‘சுயாதீனம்’ என்ற சொல்லும் ஆராய்வுக்குரியது. யாரிடமிருந்து சுயாதீனம்? கிழக்கே 13 மாநிலங்களையும் தலைநகர்ப் பகுதியையும் உள்ளடக்கிய பீஜேஎம் என்னும் சந்தைக்கு நெடுங்காலமாகச் சுயாதீனச் சபையே உண்டு. 2024 ஜூலையில் நடந்த அதன் கொள்ளளவு ஏலத்தில், நாளொன்றுக்கு மெகாவாற்றுக்கு 28.92 டொலராயிருந்த விலை 269.92 டொலராக எழுந்தது. தரவு நிலையங்களின் பெருகும் கேள்வி இதற்கு ஒரு காரணம். பழைய நிலையங்கள் மூடப்பட்டமையும் புதிய நிலையங்கள் இணைப்புக்காக ஆண்டுக்கணக்கில் வரிசையில் நின்றமையும் வேறு காரணங்கள். மக்களின் சினம் மாநில ஆளுநர் மீது பாய்ந்தது. அவர்களோ சபையில் தமக்கு இடமில்லை என முறையிட்டனர். 2025இல் ஆளுநர் பலர் ஒன்றுகூடிச் சபைக்கு உறுப்பினரை முன்மொழியும் உரிமையைக் கோரினர். மேற்கில் ஆளுநரின் பிடி தளர்த்தப்படும் அதே ஆண்டில் கிழக்கில் ஆளுநர் பிடி தேடினர் என்பது ஆழ்ந்து நோக்கற்பாலது. அரசியலிலிருந்து சந்தையை விடுவித்த சபை, கட்டணம் செலுத்துவோரிடமிருந்தும் விடுபட்டுவிட்டது. மேற்குப்புலத் திட்டத்தில் நுகர்வோர் சார்பில் பேசும் அமைப்புக்கும் மாநில ஒழுங்குபடுத்துநர் குழுவுக்கும் இடமுண்டாயினும், அவ்விடம் ஆலோசனை கூறும் இடமே. விலகும் உரிமையைப் பாதுகாப்பெனக் காட்டுவர். அவ்வுரிமையைப் பயன்படுத்தக்கூடியவை மின்கம்பனிகள். மின்குமிழ் எரிக்கும் குடும்பம் எங்கே விலகுவது?

இதனிடையே காலம் காத்திருக்கவில்லை. 2018இலிருந்து 2025வரை கலிபோர்னியா தயங்கிய ஏழு ஆண்டுகளில், ஆர்கன்சோவைத் தலைமையிடமாகக் கொண்ட தென்மேற்கு மின்தொகுப்பு நிறுவனம் மேற்கில் போட்டிச் சந்தையொன்றை வடிவமைத்தது. கொலம்பியா ஆற்றுப்படுக்கையிலுள்ள 31 சமஷ்டி அணைகளின் மின்சாரத்தை விற்கும் பொன்வில் நிருவாகம், ஆளுகையின் சுயாதீனத்தை முக்கிய காரணங்களுள் ஒன்றாகக் காட்டி, 2025 மே மாதத்தில் அப்போட்டிச் சந்தையையே தெரிந்தது. கலிபோர்னியச் சட்டம் கையொப்பமானது அதற்கு நான்கு மாதங்களின் பின்னராகும். ஒறிகன் மாநிலத்துக்குள்ளேயே பசிபிக்கோர்ப்பும் போட்லன்ட் ஜெனரல் இலெக்ட்ரிக்கும் ஒரு சந்தையையும், பொன்வில் மற்றொன்றையும் தெரிந்துள்ளன. இனி அவ்விரு சந்தைகளுக்கும் இடையிலான எல்லையில் மின்சாரம் எவ்விதியின்கீழ்ப் பாயும் என்பதனைப் பேசித் தீர்க்க வேண்டியிருக்கும்.