எண்ணும் பெயரும்

உடம்பு பிறப்பால் வருவது. பெயர் பிறர் அழைப்பால் வருவது. அழைப்பார் இல்லாதவிடத்துப் பெயரும் தேய்ந்தொழியும். இவ்வுண்மையைத் தம் அனுபவத்தால் நிறுவியவர் இத்தாலிய எழுத்தாளர் பிரீமோ லெவி. 1944ஆம் ஆண்டு பெப்புருவரியில் நாசிகளின் அவுஷ்விற்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இவ்விரசாயனவியலார் 1947இல் வெளியிட்ட 'இவன் மனிதனாயின்' என்னும் நூலே ஈண்டு ஆராயப்படுகின்றது.

முகாமில் அவருக்கு இட்ட பெயர் 174517. இடக்கையிற் பச்சை குத்தப்பட்ட அவ்வெண்ணைக் காட்டினாலன்றி ரொட்டியும் கஞ்சியும் கிடையா. மூன்றடுக்குப் பலகைப் படுக்கை ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் இருவர் துயின்றனர். குற்றவாளிக்குப் பச்சை முக்கோணம், அரசியற் கைதிக்குச் சிவப்பு, யூதருக்கு விண்மீன் என ஆடையிலும் அடையாளமிடப்பட்டது. இவற்றையெல்லாம் லெவி ஓலமிட்டு உரைக்கவில்லை. சாட்சி கூறுவார்போல அடங்கிய குரலில் எழுதுகின்றார். அவ்வடக்கமே நூலின் ஆற்றல். கடைசி மூன்றிலக்கத்தாலேயே அழைக்கப்பட்டுத் தன் பெயரைத் தானே மறந்தாற்போல நடமாடும் ஓர் இளைஞனை அவர் காட்டுமிடம், சாவினும் கொடிதொன்றுண்டு என்பதை உணர்த்துகின்றது.

ரிவர்ஸ்டன் மலைச்சாரலிலே தேயிலையும் ஏலமும் விளையும் தோட்டங்களிடையே வாழ்வார் இந்நூலைக் கற்குங்கால், தம் முன்னோரை நினையாதிரார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கங்காணிமார் திரட்டிய தமிழ்த் தொழிலாளர், எண் பொறித்த தகரத் துண்டுடன் இலங்கைக்கு வந்தனர். எத்தோட்டத்துக்கு உரியவர் என்பதை அத்துண்டே கூறிற்று. வந்தபின் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லய அறையொன்றே ஒரு குடும்பத்துக்கு வீடாயிற்று.

ஆயின், லயத்தையும் அவுஷ்விற்ஸையும் ஒன்றெனக் கூறுதல் திறனாய்வாகாது. தோட்டம் உழைப்பைக் கவர அமைந்தது. அவுஷ்விற்ஸோ ஏறத்தாழ 11 இலட்சம் உயிரைப் பறித்தது. வந்தோருட் பெரும்பாலார் எண்ணும் பெறாமலே நச்சுவாயுவுக்கு இரையாயினர். இவ்வேற்றுமையை மறைப்பின் இருசாரார் துன்பமும் பொருளிழக்கும்.

ஒப்புமை வேறோரிடத்தில் உளது. தோட்ட வழக்கிலே ஒருநாட் கூலியைப் 'பேர்' என்பர். கொழுந்து குறைந்தால் 'அரைப் பேர்' என்பர். அங்கே எண் பெயரை விழுங்கிற்று. இங்கே பெயரே எண்ணாயிற்று. ஒரு தாயின் பெயரை வெயிலும் மழையும் பாதியாக்கலாம் என்பதை இம்மொழி எவ்வித நாணமுமின்றி ஏற்றுக்கொண்டுவிட்டது. மலையகத் திறனாய்வு நின்று நோக்கவேண்டிய சொல் இதுவேயாகும்.

லெவியின் நூலில் மீட்சியும் பெயர்வழியே வருகின்றது. லொறென்சோ என்னும் கட்டடத் தொழிலாளி ஆறு திங்கள் அவருக்கு ஒளிவாக உணவளித்தார். தானும் மனிதன் என்பதை அவரால் மறவாதிருந்ததாக லெவி எழுதுகின்றார். பின்னர்த் தம் மக்கள் இருவர்க்கும் அவர் பெயரையே தழுவிப் பெயரிட்டார். 1987இல் மறைந்த லெவியின் கல்லறையிற் பெயரோடு 174517 என்னும் எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளது. எண் நீங்கவில்லை, பெயரின் கீழ் அடங்கிற்று.

மலைநாட்டுப் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்தார். அக்குரல்களுக்குரியார் பெயர்களை எழுதுதல் இனி வருவார் கடன். பாட்டன் பாட்டியர் பெயரை மாணவர் கேட்டு எழுதிவைப்பாராயின், அதுவே இலக்கியத்தின் முதலேடாகும்.