அர்த்தத் தேட்டமும் அஸ்தாநே பயமும்

ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவம் காட்டும் பாண்டியன் ஸ்ரீவல்லபதேவன், இரவில் நகர்சோதனை செய்கையில் வழிப்போக்கரான ஓர் அந்தணரிடம் ஒரு வார்த்தை கேட்டான். மழைக்காலத்துக்கு வேண்டியதை மற்றை எட்டு மாதங்களிலும், இரவுக்கு வேண்டியதைப் பகலிலும், முதுமைக்கு வேண்டியதை இளமையிலும், மறுமைக்கு வேண்டியதை இம்மையிலும் தேடிக்கொள்ள வேண்டும் என்பது அது. முதல் மூன்றிலும் குறையற்ற அரசன் நான்காவதில் கலங்கினான். புரோஹிதர் செல்வநம்பியின் சொற்படி பொற்கிழி கட்டப்பட்டது. வில்லிபுத்தூரில் வடபத்ரசாயிக்குத் திருமாலை கட்டிவந்த விஷ்ணுசித்தர் மதுரைக்கு எழுந்தருளிப் பரதத்துவத்தை நிர்ணயித்தருள, கிழி தானே தாழ்ந்தது.

எல்லாம் நிறைந்தவிடத்தில் எழும் இவ்வெறுமையே வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கில் (1905–1997) பேசும் பொருளின்மை என்று கொள்வது தவறன்று. நாஜிச் சிறைமுகாம்களில் இருந்து மீண்டவர் அவர். அவ்வனுபவ நூலை 1946இல் வெளியிட்டார். மனிதனை இயக்குவது இன்பவேட்கையோ அதிகாரவேட்கையோ அன்று, அர்த்தத் தேட்டமே. அவ்வர்த்தமும் தன்னையே நோக்கியிருப்பவனுக்குக் கிட்டாது, ஒரு பணியிலோ ஒருவரிடத்து அன்பிலோ தன்னை மறந்தவனுக்கே கிட்டும் என்பது அவர் துணிபு.

ஆனால் ஒப்பீடு செய்வோர் பெரும்பாலும் பொற்கிழியோடு நின்றுவிடுவர். கதையின் உயிர் அதற்கப்பால் இருக்கிறது. கிழி அறுந்ததால் அரசனுடைய வினாவுக்கு விடை கிடைத்தது. ஆழ்வாருக்கு அங்கே ஒன்றும் முடியவில்லை. யானைமேல் பவனி வருகையில், மகன் பெறும் சிறப்பைக் காண வரும் பெற்றோரைப்போலே எம்பெருமான் பெரிய திருவடிமேல் பிராட்டியோடே வந்து காட்சியளித்தான். தாம் வென்ற பரதத்துவம் கண்முன் நிற்க, ஆழ்வார் தமக்கென ஒன்றும் வேண்டிற்றிலர். காலம் ஆட்சிசெய்யும் இந்நிலத்தில் இவ்வழகுக்கு என்ன தீங்கு வருமோ என்று அஞ்சி, யானையின் மணிகளையே தாளமாகக்கொண்டு பல்லாண்டு பாடினார்.

ரக்ஷகனாய் இருப்பவனுக்கு ரக்ஷ்யமான ஆத்மா காப்பிடுவது ஸ்வரூபத்துக்குச் சேருமோ என்ற சங்கையைப் பெரியவாச்சான்பிள்ளை திருப்பல்லாண்டு வ்யாக்யானத்தில் எடுத்தாராய்கிறார். பிள்ளைலோகாசார்யரும் ஸ்ரீவசநபூஷணத்தில் இதனைத் தொட்டு, ஞானதசையில் முறையே நிற்கும் காப்பான்–காக்கப்படுவான் என்ற நிலை ப்ரேமதசையில் மாறிவிடும் என்று நிர்வஹிக்கிறார். பிராங்கிலின் மனிதன் தன் வாழ்வின் பொருளைக் கண்டெடுப்பவன். ஆழ்வாரோ கண்டெடுத்தபின் அதனைக் காக்கப் புகுந்தவர். இவ்விடத்தில் உளநூல் துணைவராது.

மூன்று, நான்கு, ஐந்தாம் பாசுரங்களில் ஆழ்வார் பகவத்ப்ராப்திகாமரையும் கைவல்யார்த்திகளையும் ஐச்வர்யார்த்திகளையும் முறையே அழைக்கிறார். இம்மூவரை வியன்னாவின் மூன்று உளநூல் மரபுகளுக்கு நேர்படுத்த மனம் விழையும். அது அழகான பொருத்தமே, உண்மையான பொருத்தமன்று. கைவல்யார்த்தி விரும்புவது தன் ஆத்மாவையே அனுபவித்தல். அதற்கு ஒப்புத் தேடினால் தன்னிறைவை உச்சியில் வைத்த அமெரிக்க உளநூலார் மாஸ்லோவிடம் ஓரளவு காணலாம். கருதத்தக்கது வேறு. செல்வம் விரும்பியவனையும் ஆழ்வார் வாதிட்டு விலக்கவில்லை. உடன்நின்று பாடும்படி ஒரு தொழிலைக் கொடுத்தார்.

வில்லிபுத்தூரிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் சிவகாசி. அதனை ஒட்டித் திவ்யதேசமான திருத்தங்கல். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் அருகிலுள்ள முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் விபத்துகள் பல. அங்கே துன்பத்திலும் பொருள் காணுக என்று உரைப்பது எளிது. பிராங்கிலே அதற்கு இடங்கொடுக்கவில்லை: தவிர்க்கவியலாத துன்பத்துக்கே அவ்வுபதேசம், தவிர்க்கக்கூடியதாயின் அதன் காரணத்தைக் களைவதே செய்யத்தக்கது என்று தெளிவாக வரையறுத்தார்.

வ்யாக்யாதாக்கள் ஆழ்வாருடைய அச்சத்தை ‘அஸ்தாநே பயசங்கை’ என்கின்றனர். அஞ்சவேண்டாத இடத்தில், ஒருவராலும் நலிய முடியாதவன் திறத்தில், அன்பு மிகுதியால் பிறந்தது ஆகையால் அது அஸ்தாநம். மகளை மருந்து அறைக்கு அனுப்பிவிட்டு மாலைவரை வாசலை நோக்கியிருக்கும் தாயின் அச்சம் அஸ்தாநமன்று. விதி என்றும் அவன் திருவுள்ளம் என்றும் சொல்லி அதனை ஆற்றுவதற்குத் திருப்பல்லாண்டை மேற்கோளாக்குவோர், சர்வசக்தன் என்று அறிந்திருந்தும் ஆழ்வார் அஞ்சுவதை விடவில்லை என்பதை மறக்கின்றனர்.